முப்பத்தெட்டாம் டோக்கனுக்கு முன்னால் உள்ளவர்கள் மட்டும்

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, கிழக்குக் கோபுரத்தைப் பார்த்து நின்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம், மெதுவாக.

சகாதேவனுக்கு வீடு அடி அண்ணாமலையில். பிழைப்பு டவுனில், கோபுரத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு செருப்பு ஸ்டாண்டு. தகரக் கொட்டகை, உள்ளே தட்டுத் தட்டாகப் பலகை, முன்னால் ஒரு மேசை, மேசைமேல் பித்தளை டோக்கன். கிரிவலம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு போவார்கள். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு வந்து டோக்கனை நீட்டுவார்கள். நீட்டின கை மடங்குவதற்குள் செருப்பு காலடியில் கிடக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்தாயிரம் ஜோடி. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஜோடி மாறினதில்லை. ஒருமுறை ஒருத்தர் டோக்கனையும் தொலைத்துவிட்டு, வெயிலில் மயக்கம் போட்டு விழுந்ததில் தன் பெயரையும் மறந்துவிட்டு வந்து நின்றார். சகாதேவன் அவருடைய குதிகாலை ஒரு பார்வை பார்த்தான். செருப்பை எடுத்துப் போட்டான். "உங்க ஊரு போளூரு. பொண்ணு மூணு. மூணாவதுக்கு வரன் பாக்கறீங்க, போங்க" என்று அனுப்பிவைத்தான். எல்லாம் சரியாக இருந்தது. அந்த மூணாவது பெண்ணுக்கே வரன் பார்க்கிற விஷயம் அப்போதுதான் தெரிந்ததாம்.

இப்படி வரிசை தவறாமல் வாழ்ந்த மனுஷனைத்தான் அமெரிக்காக்காரன் பத்தொன்பது வருஷம் வரிசையில் நிற்கவைத்தான்.

சகாதேவனின் அக்கா சந்திரகலா அங்கே நர்ஸ். அந்த ஊர்ப் பிரஜையாகவே ஆகிவிட்டவள். தம்பியையும் தம்பி பெண்டாட்டி அருணாதேவியையும் அவர்கள் மகள் அபிநயாவையும் அழைத்துக்கொள்கிறேன் என்று விண்ணப்பம் போட்டாள். போட்ட தேதி 2006 நவம்பர் பதினேழு. அப்போது அபிநயாவுக்கு மூணு வயசு.

அந்த ஆபீசில் முறை எப்படியென்றால், மாசத்துக்கு ஒரு அறிவிப்பு வரும். ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வரிசைக்கும் எதிரில் ஒரு தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தவர்கள் கதவைத் தட்டலாம். மற்றவர்கள் அடுத்த மாசம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. அக்கா தம்பி வரிசை இருப்பதிலேயே கடைசி. அதிலும் இந்தியாவுக்கு எதிரில் போட்டிருக்கும் தேதி ஒரு மாசத்தில் ஏழு நாள் நகரும், அப்புறம் மூணு மாசம் அசையாது. ஒரு புரட்டாசியில் ஒன்றரை வருஷம் பின்னால் போய்விட்டது.

"எப்டிம்மா பின்னாடி போவும்?" என்று சகாதேவன் மகளைக் கேட்டான்.

"டிமாண்டு ஜாஸ்தியாம்பா."

"ஜாஸ்தின்னா? செங்கம் தாண்டிப் போயிட்ட பஸ்ஸு ரிவர்ஸ்ல பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, எல்லாம் எறங்குங்கன்னு சொல்லுமா?"

அன்றைக்கு ஏறின கோபம் இறங்கவில்லை. பக்கத்தில் போனால் அனல் அடிக்கும். அருணாதேவி அந்த வருஷம் முழுக்க சிலிண்டர் புக் பண்ணவில்லை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிக் கொண்டுபோய்ப் புருஷன் பக்கத்தில் வைத்துவிடுவாள். "இன்னங் கொஞ்சம் அந்த ஆபீச நெனச்சிக்குங்க, ஓரம் வேகல" என்பாள்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவனைத் தின்றது மகளின் வயசு. பிள்ளைகளுக்கு இருபத்தொன்று தாண்டினால் விண்ணப்பத்திலிருந்து பெயர் விழுந்துவிடும். அப்பன் ஆத்தா மட்டும் போகலாம், பெண் இங்கேயே இருக்கவேண்டியதுதான். விண்ணப்பம் அந்த ஆபீசில் தூசி படிந்து கிடந்த மூணு வருஷம் ரெண்டு மாசத்தை வயசில் கழித்துக்கொள்வார்கள் என்று அங்கத்து வக்கீல் சொன்னார். அப்படிக் கழித்தும் அபிநயாவின் கெடு இந்த வருஷம் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முடிகிறது. அதற்குள் அறிவிப்பில் தேதி வந்து, கதவையும் தட்டியாகவேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. அந்த ஆகஸ்ட் ஒன்று, பள்ளிக்கூடத்தில் எழுதின பிறந்த தேதியை வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் அவள் பிறந்தது ஒரு வருஷம் தள்ளி, ஆனி மாசத்தில். பிறப்பைப் பதிவு பண்ண யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் மூர்த்தி வாத்தியார் ஒரு வயசைக் கூட்டி, ஜூன் ஒன்று என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்த ஊரில் அவர் காலத்தில் படித்த முந்நூறு பேருக்கும் ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். அன்றைக்கு ஊரே கேக் வெட்டும்.

"ஒரு வருசம் சார். பேனாவுல ஒரு கோடு. எம் பொண்ணோட ஒரு வருசத்த முழுங்கிட்டீங்களே" என்று வாத்தியாரைப் பார்க்கும்போதெல்லாம் சகாதேவன் பல்லைக் கடிப்பான். பிறகு பார்ப்பதையே விட்டான்.

இந்த வருஷம் தை மாசத்திலிருந்து தேதி நகர ஆரம்பித்தது. 2006 நவம்பர் ஒன்று. நவம்பர் எட்டு. ஏப்ரல் பாதியில் ஒருநாள் காலையில் அபிநயா போனைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "பா! நவம்பர் பதினேழு!"

சகாதேவன் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. ஓடிப்போய் ஐந்து கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து ஊர் முழுக்கக் கொடுத்தான். கடைசி வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அபிநயா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"பா, கீழ சின்னதா ஒரு வரி போட்ருக்குது. அந்தத் தேதிக்கு முன்னாடி அப்ளை பண்ணவங்களுக்கு மட்டுமாம்."

"நம்ம தேதி அதானம்மா."

"அதாம்பா. நம்ம தேதி அதே தேதி. முன்னாடி இல்ல."

சகாதேவன் வந்த வழியே திரும்பி ஒவ்வொரு வீடாகப் போய் ஜாங்கிரியைத் திருப்பிக் கேட்டான். பாதி கடித்ததையும் விடவில்லை. தின்று முடித்தவர்களின் பெயரை மட்டும் மனசில் குறித்துக்கொண்டான்.

அடுத்த பதினைந்தாம் நாள் சித்ரா பௌர்ணமி. கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடி வருஷத்திலேயே பெரிய கூட்டம். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மலை சுற்றியவர்கள் ஸ்டாண்டு முன்னால் டோக்கனோடு குவிந்துவிட்டார்கள். கொட்டகை வாசலில் புதிதாக ஒரு கரும்பலகை நின்றது. சாக்பீசில் முத்து முத்தாக எழுதியிருந்தது.

'செருப்பு வழங்கும் அறிவிப்பு.
சென்னை: டோக்கன் 38.
வேலூர்: டோக்கன் 112.
விழுப்புரம்: டோக்கன் 90.
ஊட்டி: காத்திருக்கத் தேவையில்லை.
குறிப்பிட்ட எண்ணுக்கு முன்னால் உள்ளவர்கள் மட்டும்.
அடுத்த அறிவிப்பு அடுத்த பௌர்ணமி.'

மேசைக்குப் பின்னால் சகாதேவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மச்சான், அருணாதேவியின் தம்பி மண்ணாங்கட்டி, கையில் ஈரத்துணியும் சாக்பீசும் பிடித்தபடி நின்றான்.

ஒரு சென்னைக்காரர் முப்பத்தெட்டாம் நம்பர் டோக்கனை வைத்தார். "எடுப்பா."

"முப்பத்தெட்டுக்கு முன்னாடி உள்ளவங்களுக்குத்தான் சார்."

"நான் முப்பத்தெட்டுதானே?"

"அதான் சார். நீங்க முப்பத்தெட்டு. முன்னாடி இல்ல."

"யோவ், இன்னா வெளையாட்றியா? எஞ் செருப்பு அதோ தெரியுது. கைய நீட்னா எட்டும்."

"தெரியும் சார். உங்க கேஸு பரிசீலனைல இருக்குது."

"எவ்ளோ நேரமாகும்?"

"சாதாரணமா ஆகற நேரம் பலகைக்குப் பின்னாடி எழுதியிருக்குது. அந்த நேரம் தாண்டினாத்தான் நீங்க கேள்வி கேக்கணும். அதுக்கு முன்னாடி கேட்டா பதில் வராது."

சென்னைக்காரர் சுற்றிப்போய்ப் பார்த்தார். 'பத்து நிமிடம் முதல் பத்தொன்பது வருடம் வரை' என்றிருந்தது.

ஒன்பதரைக்குத் தார் இளகியது. பத்துக்குக் கொதித்தது. வெறுங்காலோடு ஆறாயிரம் பேர் அந்தச் சந்தில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மாடியிலிருந்து பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் உள்ளூர் நடனம் என்று நினைத்துப் படம்பிடித்தார்.

"ஊட்டிக்கு மட்டும் இன்னாய்யா சலுகை?" என்று ஒரு வேலூர் அம்மா கேட்டாள்.

"எல்லா ஊருக்கும் சரிசமமா ஒரே பங்கும்மா. ஊட்டிலேர்ந்து வந்தது ஒரே ஆளு. வேலூர்லேர்ந்து ரெண்டாயிரம் பேரு. நீங்க கம்மியா வந்திருக்கணும்."

அரைமணி நேரத்தில் ஒரு வாலிபன் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு வந்து, "நான் ஊட்டிங்க" என்றான். தலையிலிருந்து வேர்வை வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சகாதேவன் அவன் குதிகாலைப் பார்த்தான். "கீழ்பென்னாத்தூரு. மணிலாக்கொட்ட வெவசாயம். போய் நில்லு."

பதினொரு மணிக்குள் எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு புரோக்கர் முளைத்தார். அடுத்த நம்பர் எப்போது வரும் என்று கணித்துச் சொல்ல இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார், இரண்டு பேருக்கும் கூட்டம் சேர்ந்தது. விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் குமரேசன் லத்தியைத் தட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அவருடைய பூட்ஸும் உள்ளேதான் இருந்தது. டோக்கன் முந்நூற்றொன்று.

"எந்த ஊரு சார் நீங்க?"

"திருவண்ணாமலதான்யா."

"உள்ளூருக்கு இன்னும் அறிவிப்பே வரல சார். ஓரமா நில்லுங்க, நெழலு இருக்குது."

மத்தியானம் மண்ணாங்கட்டி ஈரத்துணியால் 38-ஐ அழித்துவிட்டு 21 என்று எழுதினான். சந்தே அலறியது.

"எப்டிய்யா பின்னாடி போவும்?"

"டிமாண்டு ஜாஸ்தி" என்றான் சகாதேவன். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த ஆறாயிரம் பேரில் ஒருத்தர் மேலும் அவனுக்கு விரோதம் கிடையாது. அவர்கள் இடத்தில் அந்த ஆபீசையே வெறுங்காலோடு நிறுத்திவைத்திருப்பதாக நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தான். நில்லுங்கடா. ஒரு நாள். ஒரே ஒரு நாள். தார் எப்படிச் சுடுதுன்னு பாருங்கடா.

அப்போது ஒரு பெண், நாலு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணே, எனக்கு வேணாம். கொழந்தையோடத மட்டும் குடுங்கண்ணே. கீழ விட முடியல."

மண்ணாங்கட்டி மாமனைப் பார்த்தான். சகாதேவன் தலையசைத்தான். மண்ணாங்கட்டி உள்ளே போய், பின்வார் வைத்த ரோஸ் நிறச் சின்னச் செருப்பை எடுத்துவந்து குழந்தைக்கு மாட்டினான். ஏறவில்லை. காலையிலிருந்து சூட்டில் நின்ற பாதம் வீங்கிவிட்டதா, இல்லை நின்ற நேரத்தில் வளர்ந்தேவிட்டதா தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று மண்ணாங்கட்டி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். அளந்து பார்த்தானாம், ஒன்றரை விரக்கடை.

சகாதேவன் வாயிலிருந்து அது தானாக வந்தது. "இது அந்தக் காலுக்குக் குடுத்த டோக்கன்மா. இப்ப காலு பெருசாயிடுச்சு. இனிமே இந்தச் செருப்பு அதுக்குச் சேராது."

குழந்தை வீறிட்டு அழுதது.

"சகாதேவா." கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். மூர்த்தி வாத்தியார். எழுபத்தைந்து வயசில் மலை சுற்றிவிட்டு வந்தவர். பாதம் இரண்டும் சிவந்திருந்தன. "அந்தக் கொழந்தைக்கு இன்னாடா பதில் சொன்ன இப்ப?"

சகாதேவன் எழுந்தான். மேசையில் இருந்த டோக்கன்கள் குதித்தன. "எனக்குச் சொன்ன பதில் சார் அது! எம் பொண்ணுக்கு அவனுங்க சொல்லப்போற பதிலு! மூணு வயசுல டோக்கன் போட்டோம். நிக்கவெச்சு நிக்கவெச்சு அவள வளத்துட்டு, நீ வளந்துட்ட, போன்னு சொல்றதுக்கு அவனுங்களுக்கு இன்னா சார் ரைட்டு? அதுவும் ஒரு வருசம் மிச்சமிருந்துது. அத நீங்க தின்னுட்டீங்க!"

"நான் எழுதினேன். இல்லங்கல. எழுதச் சொன்னது யாருடா?"

சகாதேவன் மேசையில் சிதறின டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தான்.

"வீட்டுல பாத்துக்க ஆளில்ல, நானும் அவளும் செருப்பு ஸ்டாண்டுக்குப் போவணும், ஒரு வயச கூட்டிப் போட்டு ஒண்ணாங்கிளாசுல ஒக்காரவெச்சுக்குங்க சார்னு ஒரு சீப்பு பூவம்பழத்தோட வந்து நின்னது யாரு? வேணாம்டா, புள்ள தூங்கிடும்டா கிளாசுலன்னு நான் சொன்னேனா இல்லியா? ஒரு பழம் உரிச்சு எங் கையில குடுத்தியே, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. பழத்தின் தோலில் இருந்த கறுப்புப் புள்ளிகூட ஞாபகம் இருந்தது. இத்தனை வருஷமாக அமெரிக்காவையும் வாத்தியாரையும் பார்த்து எரிந்த அனல் ஒரு கணம் திரும்பி அவன் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. ஆனால் அணையவில்லை. யார் மேல் எரிய வேண்டும் என்று தெரியாத கோபம் இன்னும் மோசமானது.

டவுன் லேபில் வேலை பார்க்கும் அபிநயா சாப்பாட்டு இடைவேளைக்கு அங்கே வந்தது அப்போதுதான். கூட்டத்தையும் பலகையையும் அப்பனையும் பார்த்தாள். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, குழந்தையின் செருப்புப் பின்வாரை வெட்டிவிட்டு மாட்டினாள். ஏறிக்கொண்டது.

"இதுக்குப் போயி..." என்றாள். அவ்வளவுதான்.

சகாதேவன் கொட்டகைக்குள் புகுந்தான். அதற்கப்புறம் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். உள்ளேயிருந்து செருப்பு பறக்க ஆரம்பித்தது. "இந்தாங்கடா! எடுத்துக்குனு போங்கடா! நான் அவனுங்க இல்லடா!" டோக்கன் பார்க்கவில்லை, முகம் பார்க்கவில்லை, வெளியே திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாரி வாரி வீசினான். வானம் கறுத்தது. ஹவாய், லெதர், குதி உயர்ந்தது, கட்டைவிரல் பிய்ந்தது எல்லாம் சந்தின் தலைக்கு மேல் சுழன்று, அதனதன் உடையவர் காலடியில் ஜோடியாக, வலது வலப்பக்கமும் இடது இடப்பக்கமுமாக வந்து இறங்கின. சப்-இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் லேஸ் கட்டிய நிலையிலேயே அவர் காலில் ஏறியது. ஒரு ஜோடி மாறவில்லை. மூர்த்தி வாத்தியாருடையது மட்டும் காலடியில் விழாமல் அவர் முதுகில் விழுந்தது. அதுவும் குறி தவறியதில்லை.

வாத்தியார் முதுகைத் தடவிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டார். "அதே கைதான். அன்னிக்குப் பழம் உரிச்ச கை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வெளிநாட்டுக்காரர் எடுத்த படம் எங்கெங்கோ போய்க் கடைசியில் அந்த ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே தேதி போடுகிற பெரிய அதிகாரி அதை மூணு தடவை போட்டுப் பார்த்தாராம். பிறகு மேசைக்கடியில் குனிந்து தன் ஷூ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பேனாவை எடுத்தாராம். மே மாசம் பாதியில் அறிவிப்பு வந்தது. இந்தியா, அக்கா தம்பி வரிசை: 2006 நவம்பர் இருபத்திரண்டு.

அபிநயா கீழே உள்ள சின்ன வரியையும் சேர்த்து நாலு தடவை படித்தாள். "முன்னாடிதாம்பா. அஞ்சு நாளு முன்னாடி இருக்கறோம். ஆகஸ்டுக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்குது. மூணு பேரும் போலாம்."

"அஞ்சு நாளு" என்றான் சகாதேவன். "அஞ்சு நாளு நவுத்தறதுக்குத்தான் எம் பொண்ணோட முடியில ஒரு நரையப் பாக்கற வரைக்கும் நிக்கவெச்சானுங்களா?" சந்தோஷத்தில் சொன்னானா, கோபத்தில் சொன்னானா என்று அருணாதேவிக்கே பிடிபடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் சந்திரகலா அழுததில் பாதிப் பேச்சு புரியவில்லை.

"கெளம்பி வாங்கடா தம்பி. உடனே கெளம்பி வாங்க, மூணு பேரும்."

"வர்றோம்கா" என்றான் சகாதேவன். "இதோ கெளம்பிட்டோம்."

இன்றைக்கு ஜூலை முப்பது. அந்த வீட்டில் ஒருத்தருக்கும் பாஸ்போர்ட் கிடையாது.